ஷோர்மேயின் பாட்டு பேச்சான கதை

ஷோர்மே என்ன வேலை செய்கிறாள் என்று எங்கள் லாந்தேமான் ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் பதினோரு பதில் கிடைக்கும். பதினோராவது பதில் ஷோர்மேயுடையது. அதுவும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு அவள் வீட்டு முற்றத்து வேப்பமரத்தடியில் இருபது பாய்கள் விரிந்துவிடும். மீன் புகை போடுகிறவர்கள், வங்கி மேசையில் குனிந்து குனிந்து கழுத்து கோணிப்போனவர்கள், ஆளேற்றும் டுரோட்ரோ வண்டி ஓட்டி இடுப்பு கழன்றவர் ஒருவர், முழங்கால் பேச்சுக் கேட்காத நான். ஷோர்மே எங்களுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஹார்மோனியத்தின் துருத்தியை ஒரு கையால் அசைத்தபடி பாடுவாள்.

ஓம், அலையே வா. ஓம், வலையே வா. வந்த மூச்சே இரு. இருந்த மூச்சே போ.

நாங்கள் திருப்பிப் பாடுவோம். அலை வரும்போது மூச்சை இழுக்க வேண்டும், போகும்போது விட வேண்டும். கைகள் தரையிலும் பிட்டம் வானத்திலுமாக நிற்கும் நிலைக்கு வெளிநாட்டில் நாயின் பெயர் வைத்திருக்கிறார்களாம். எங்களுக்கு அது வலை இழுப்பு. பாடம் முடிந்ததும் எல்லாரும் கெங்கிச் சோள உருண்டையும் பொரித்த மீனும் வாங்கிக்கொண்டு அவரவர் வேலைக்குப் போவோம்.

இந்தப் பாட்டு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயதில் அக்ரா சந்தையில் லோகுமல் என்ற சிந்திக்காரரின் துணிக்கடையில் சேர்ந்தாள். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை அங்கே ஒரே ஒரு ஒலிநாடா ஓடும். அதில் மூக்கால் பாடுகிற யாரோ ஒரு மனிதர் ஒரே வரி மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். பதினோரு வருடம் துணி மடித்தவள் அதை மூன்று கோடித் தடவை கேட்டிருப்பாள் என்பது என் கணக்கு. பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவள் நான் என்பதால் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

ஒரு மழைக்காலத்தில் ஒலிநாடா அறுந்துபோனது. ஷோர்மேவுக்குப் பயம், முதலாளி தன்னைத்தான் திட்டுவார் என்று. துணிக்கட்டுகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு அந்த மனிதரைப் போலவே மூக்கால் பாட ஆரம்பித்தாள். லோகுமல் இரண்டு வருடம் கண்டுபிடிக்கவில்லை. ஒரு தடவை அவளுக்கு மலேரியா வந்து மூன்று நாள் படுத்தபோது, மனிதர் வீடு தேடி வந்து, “கடை என்னமோ மாதிரி இருக்கும்மா, என்னன்னு தெரியல” என்று தலையைச் சொறிந்தாராம். பிறகு அவர் கடையை மூடிவிட்டுக் கனடாவுக்கு மகனிடம் போனபோது, பரணில் கிடந்த ஹார்மோனியத்தை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

பதினோரு வருடம் நின்றதில் அவள் முதுகு போயிருந்தது. கடற்கரையில் ஒரு வெளிநாட்டுப் பெண் சும்மா சொல்லிக்கொடுத்த யோகாவில் அது திரும்பி வந்தது. அப்புறம் நகரத்தில் முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கிச் சட்டம் போட்டுச் சமையலறையில் மாட்டினாள். முற்றத்தில் பாடம் தொடங்கிய புதிதில், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணித்தான் மூச்சு விடச் சொன்னாள். எண்ணிக்கையைக் கேட்டதும் மீன்காரப் பெண்களுக்குக் கூடைக் கணக்கு ஞாபகம் வந்துவிடும். மூச்சைப் பாதியில் விட்டுவிட்டு, “நேத்து அந்த ஏழாவது கூடை எங்க போச்சு?” என்று ஆரம்பித்துவிடுவார்கள். எண்ணுவதை நிறுத்திவிட்டு, ஒலிநாடாவின் மெட்டில் எங்கள் வலை இழுப்பவர்களின் வார்த்தைகளைப் போட்டு அவளே கட்டியதுதான் இந்தப் பாட்டு. இப்போது இது மாதிரி நாற்பது பாட்டு வைத்திருக்கிறாள்.

இத்தனையும் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது, வருடத்தில் ஒரு மாதம் தவிர.

சோளம் விதைத்த பிறகு எங்கள் ஊரில் முப்பது நாள் சத்தத் தடை. மேளம் கூடாது, கைதட்டல் கூடாது, ஒலிபெருக்கி கூடவே கூடாது. விதை முளைக்கிற நேரம் தெய்வங்கள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த மாதத்தில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளையும் பெண்ணும் கிசுகிசுத்துத்தான் சம்மதம் சொல்ல வேண்டும். எங்கள் சேவல்கள்கூடத் தொண்டையைச் செருமிக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளும்.

ஷோர்மேவுக்கு இது பெரிய தொல்லையாக இருந்ததில்லை. சாக்கடைக்கு அந்தப் பக்கம் டெட்டேமான் ஊர். அவர்களுடைய தடை எங்கள் தடை முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கும். ஆகவே எங்கள் மாதத்தில் பாய்களைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவோம், அவர்கள் மாதத்தில் திரும்பி வந்துவிடுவோம். இந்த வருடம் பார்த்து இரண்டு ஊர்ப் பெரியவர்களும் முப்பது வருடச் சண்டையை மறந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அன்பு மிகுதியில் இரண்டு தடையையும் ஒரே மாதத்தில் வைத்துவிட்டார்கள்.

ஷோர்மே ஹார்மோனியத்தைத் துணியில் சுற்றி மரத்தடியில் வைத்தாள். வாயால் மெல்லப் பாடினால் அது சத்தம் ஆகாது என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். தடையின் இரண்டாம் நாள் செவ்வாய்க்கிழமை. கடலுக்குப் போகக் கூடாத நாள் என்பதால் அன்று ஒரு பாய்கூடக் காலியில்லை. எல்லாரும் ஒற்றைக் காலில் நின்று கைகளைத் தலைக்கு மேல் கூப்பியிருந்தபோது, சிவப்புத் துணி கையில் கட்டிய ஏழு தடைக் காவலர்கள் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவன் அஷிட்டே. மீசை வைத்த, மூன்று பிள்ளை பெற்ற ஆள்.

“யாரும் அசையாதீங்க” என்றான்.

“ஒத்தக்கால்ல நிக்கறவங்ககிட்ட சொல்ற பேச்சாடா இது? சீக்கிரம் சொல்லிட்டுப் போ” என்று முதல் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அது அமெர்லே, மீன் புகை போடுகிறவள், அஷிட்டேயைப் பெற்றவள்.

அஷிட்டே அவள் பக்கம் பார்க்காமல் ஷோர்மேயிடம் கேட்டான். “அக்கா, இது என்ன சத்தம்?”

“சத்தம் இல்லப்பா. மூச்சு.”

“மூச்சு ரோடு வரைக்கும் கேக்குதே.”

“இருபது பேர் மூச்சு.”

அஷிட்டே சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் படித்தான். “அவங்கவங்க இடத்துக்குள்ள, மேளம் இல்லாம சாமி கும்பிடறதுன்னா தடையில்ல. கச்சேரின்னா தடை. உடம்புக்குப் பயிற்சின்னா தடையில்ல, ஆனா வாயைத் திறக்கக் கூடாது. இதுல நீங்க எது?”

ஷோர்மே எங்களைப் பார்த்தாள். நாங்கள் எங்கள் கால்களைப் பார்த்தோம்.

“தெரியலப்பா” என்றாள்.

“அப்படின்னு தாள்ல எதுவும் இல்லையே, அக்கா.” அஷிட்டேவுக்கும் குழப்பம்தான். குழம்பிய அதிகாரி என்ன செய்வானோ அதைச் செய்தான், கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டான். துணியில் சுற்றியிருந்த ஹார்மோனியத்தைத் தூக்கித் தோளில் வைத்தான்.

“பெட்டி மூடித்தானேடா இருக்கு?” என்றாள் அமெர்லே.

“தெறந்தா சத்தம் போடுமில்ல?”

“உன் பொண்டாட்டி வாய்கூடத்தான் தெறந்தா சத்தம் போடும். அதையும் தூக்கிட்டுப் போவியா?”

வெள்ளிக்கிழமை ஊர்த்தலைவர் மாளிகைக்கு வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். இடையில் யாரோ கால் மாற்றிக்கொள்ள மறந்து, இடது கால் மரத்து, வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். அது நான்தான்.

அன்று மதியம் அமெர்லேயின் புகையடுப்புகளுக்குப் பக்கத்தில் கூடினோம். வெள்ளிக்கிழமை ஷோர்மே என்ன சொல்ல வேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

“உடற்பயிற்சின்னு சொல்லிடு. ஒரு வம்பும் இல்ல” என்றாள் அமெர்லே.

“சொன்னா பாட முடியாது, அக்கா. எண்ணித்தான் சொல்லணும். எண்ணினா நீங்க எல்லாம் மீன் கூடைக்குப் போயிடுவீங்க.”

“பாட்டுன்னு சொல்லேன். நீதானே கட்டறே?” என்றார் வண்டியோட்டி.

“பாட்டுன்னா தடை. பெட்டியும் போச்சு, பாடமும் போச்சு. ஒரு மாசம் நிறுத்தினா பாதிப் பேர் திரும்பி வரமாட்டீங்க.”

“அப்போ சாமி கும்பிடறதுன்னு சொல்லு” என்றேன் நான். “நிச்சயமா விட்டுடுவாங்க.”

அதுவரை மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த ட்ரோமோ நிமிர்ந்தாள். அவள் தேவாலயத்தில் ஊழியம் செய்கிறவள். எங்கள் இருபது பேரில் பதினோரு பேர் அவளோடு அதே தேவாலயத்துக்குப் போகிறவர்கள். “நீ அப்படிச் சொன்னா நான் வர முடியாது, ஷோர்மே. கோவிச்சுக்காதே. எங்க போதகர் என்னைக் கேட்டப்போ, அது மூச்சுப் பயிற்சின்னு பைபிள் மேல கை வெச்சுச் சொல்லியிருக்கேன். எங்க ஆளுங்க ஒருத்தரும் வரமாட்டாங்க.”

“அப்போ உண்மையிலயே அது என்னதான்?” என்று யாரோ கேட்டார்கள்.

ஷோர்மே கரி அள்ளும் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆரம்பிக்கிறப்போ கும்பிடற மாதிரிதான் இருக்கு. நடுவுல பாட்டுதான்னு தோணுது. உங்க முட்டியெல்லாம் சடசடன்னு சத்தம் போடறப்போ பயிற்சிதான் போலன்னு நெனச்சுக்கறேன். முடியறப்போ எதுவுமே இல்ல. நான் பொய் சொல்லலாம்னா எதைப் பொய்ன்னு சொல்றதுன்னு தெரியல.”

எனக்கு அவளைக் கேலி செய்ய வாய் வரவில்லை. முழங்காலுக்காகத்தான் நான் அங்கே போகிறேன். ஆனால் சில காலைகளில் அந்தக் கடைசி வரி போகும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. முழங்காலுக்காக யாரும் அழுவதில்லை.

வெள்ளிக்கிழமை ஷோர்மே வெள்ளைத் துணி உடுத்து, வழக்கப்படி இரண்டு பாட்டில் ஷ்னாப்ஸ் மதுவோடு மாளிகைக்குப் போனாள். நாங்கள் இருபது பேரும் கூடப் போனோம். உள்ளே என்னை மட்டும், வயதுக்கு மரியாதை கொடுத்தோ, வெளியே விட்டால் பேசிக்கொண்டே இருப்பேன் என்று பயந்தோ, உட்காரவைத்தார்கள். மற்றவர்கள் ஜன்னல்களில் தொங்கினார்கள்.

நடுவில் ஊர்த்தலைவர். அவருக்கு இடப்பக்கம் வெள்ளுடைப் பூசாரி, வெறுங்காலோடு. சுற்றிலும் பெரியவர்கள். மூலையில் பேரேட்டைத் திறந்துவைத்த எழுத்தர். தலைவருக்கு முன்னால், மரக்கை ஒன்று முட்டையைப் பிடித்திருப்பது போலச் செதுக்கிய கோலோடு லார்டே நின்றார்.

லார்டே எங்கள் தலைவரின் வாய். தலைவரோடு யாரும் நேரே பேசக் கூடாது. நீங்கள் சொல்வதை லார்டே கேட்டு, அழகுபடுத்தித் தலைவரிடம் சொல்வார். மூன்று முழத்தில் உட்கார்ந்திருக்கும் தலைவர் உங்கள் பேச்சு காதில் நன்றாக விழுந்திருந்தாலும், லார்டே சொல்லும்வரை கேட்காதவராகத்தான் இருப்பார். நாற்பது வருடமாக இந்த வேலை. நீங்கள் ‘காலை வணக்கம்’ என்றால் போதும், லார்டே சூரியனைக் கடலிலிருந்து தூக்கிக் குளிப்பாட்டி, துவட்டி, வானத்தில் உட்காரவைத்த பிறகுதான் வணக்கத்துக்கு வருவார். இழுப்பு நோய்க்காரர் என்பதால் நடுநடுவே விசில் மாதிரி மூச்சு வாங்கும்.

மதுவைத் தரையில் துளித்துளியாகச் சிந்தித் தாழ்ந்த குரலில் வேண்டினார்கள். ஒவ்வொரு வேண்டுதலுக்கும் பெரியவர்கள் “யாவ்” என்றார்கள். அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம்.

“உன் முற்றத்துல நடக்கறது என்னன்னு தலைவர் கேக்கறார்” என்றார் லார்டே.

“மூச்சுக்கு ஒரு பாட்டு மாதிரிங்க, ஐயா.”

லார்டே தலைவர் பக்கம் திரும்பினார். “தலைவரே, ஏழு கடலுக்கு அப்பாலிருந்து வருது காத்து. அது மனுஷன் மூக்குல நுழையறப்போ வெறுங்கையோட வரலாமா? அதுக்கு ஒரு பாட்டு மாதிரி குடுத்து வரவேற்கறேன்னு இந்தப் பொண்ணு சொல்றா.”

“பாட்டுன்னா தடை” என்றார் தலைவர்.

“பாட்டுன்னும் முழுசாச் சொல்ல முடியாதுங்க.”

“அப்போ சாமியா?”

ஷோர்மே ஜன்னலில் தெரிந்த ட்ரோமோவின் முகத்தைப் பார்த்தாள். “அதுவும் முழுசா இல்லீங்க.”

“ஒரே வார்த்தையில சொல்லச் சொல்லு.”

ஷோர்மே எழுத்தரைப் பார்த்தாள். எழுத்தர் பேனாவைத் தூக்கியபடியே இருந்தார். மை சொட்டி ஏட்டில் ஒரு பொட்டு விழுந்தது. அதையும் என்ன வார்த்தை என்று அவர் உற்றுப் பார்த்தார்.

பூசாரி அலுத்துக்கொண்டார். “எதுக்கு இவ்வளவு நேரம்? அங்க சொல்றதை இங்க சொல்லட்டும். கேட்டுட்டு நாம முடிவு பண்ணுவோம். பாட வேணாம் தாயி, வெறுமனே சொல்லு.”

ஷோர்மே தொண்டையைச் சரிசெய்துகொண்டு, விலை சொல்கிற குரலில், மெட்டில்லாமல், ஒரே ஒரு வரி சொன்னாள். “ஓம், அலையே வா.”

இனி நடந்ததற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. காதில் விழுந்ததைத் தலைவரிடம் சேர்ப்பது லார்டேயின் கடமை. அவர் கோலைத் தரையில் ஊன்றினார்.

“ஓம்… தலைவரே… எங்க பாட்டன் காலத்து அலையே, வெள்ளை நுரை தலைப்பாகை கட்டின அலையே, வா.”

லார்டே எதைச் சொல்லி முடித்தாலும் பெரியவர்கள் வாயில் வருவது ஒன்றுதான். “யாவ்” என்றார்கள்.

“ஓம், வலையே வா” என்றாள் ஷோர்மே.

“ஓம்… முடிச்சு முடிச்சா எங்க அம்மாக்கள் பின்னின வலையே, வெறுமையா வந்தாலும் வலையே, வா.” கோல் தரையில் தட்டியது.

“யாவ்.”

“வந்த மூச்சே இரு.”

“வந்த மூச்சே… விருந்தாளியா வந்த மூச்சே… உக்காரு, தண்ணி குடி, இரு.” கோல்.

“யாவ்.”

“இருந்த மூச்சே போ.”

லார்டே அதையும் அழகுபடுத்திச் சொல்லி முடித்தபோது அவருடைய விசில் நின்றிருந்தது. நாற்பது வருடமாக நின்றிராத விசில். அவருக்கே ஆச்சரியம். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார், ஷோர்மே சொல்லாமலேயே. கோல் தட்டியது. பெரியவர்கள் “யாவ்” என்றார்கள். அந்தத் தட்டலுக்கும் அந்தப் பதிலுக்கும் நடுவே தாளம் வந்து உட்கார்ந்துவிட்டது. தலைவரின் செருப்பு ஆடியது. பூசாரி கண்ணை மூடிவிட்டார். ஜன்னலில் தொங்கியவர்கள் பழக்கதோஷத்தில் அலைக்கு மூச்சை இழுத்துக் கையைத் தூக்கினார்கள், போவதற்குக் கீழே விட்டார்கள். ஜன்னலைப் பிடித்திருந்த கையையும் சேர்த்துத் தூக்கியதால் இரண்டு பேர் விழுந்தார்கள். விழுந்தவர்களும் நிறுத்தவில்லை. மாளிகைக்கு வெளியே கடல் ஓர் அலையைப் பாதியில் பிடித்துவைத்துக்கொண்டு, போகவா வரவா என்று நின்றது. மூன்று மணி நேரம் இப்படிப் போனது என்று சந்தையில் சொல்கிறார்கள். நான் அங்கேயே இருந்தேன். அவ்வளவெல்லாம் இல்லை, இரண்டே முக்கால்தான்.

இத்தனைக்கும் ஷோர்மே வாயை மூடிக்கொண்டு, கையைப் பிசைந்துகொண்டு நடுவில் நின்றாள்.

கதவு படாரென்று திறந்தது. சிவப்புத் துணிக் கைகளோடு அஷிட்டேயும் ஆறு பேரும். ரோட்டில் போனவர்களுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது.

“யாரும் அசையாதீங்க” என்றான் அஷிட்டே. அப்புறம்தான் அசைந்துகொண்டிருந்தது யார் என்று பார்த்தான்.

தலைவரின் செருப்பு நின்றது. எல்லாமே நின்றது. அஷிட்டே கையிலிருந்த தாளைப் பார்த்தான், தலைவரைப் பார்த்தான், சத்தம் போட்ட பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி ஞாபகம் வந்து லார்டேயின் கோலைப் பார்த்தான். அந்தக் கோலை எடுத்தால் தலைவருக்கு வாயில்லை.

எழுத்தர்தான் மெதுவாகக் கேட்டார். “இப்போ நடந்ததை நான் என்னன்னு எழுதட்டுங்க?”

கேள்வி சாதாரணமானதல்ல. கச்சேரி என்று எழுதினால் சத்தத் தடையை மீறியது தலைவரின் மாளிகை. கடலுக்கு ஆட்டுக்கடா வெட்டி மன்னிப்புக் கேட்க வேண்டும், அதுவும் புதிதாக நட்பான டெட்டேமான்காரர்கள் பார்க்க. வழிபாடு என்று எழுதினால் பூசாரியின் அனுமதியில்லாமல் நடந்த வழிபாடு, அதுவும் பூசாரி கண்ணை மூடிக்கொண்டு கலந்துகொண்ட வழிபாடு.

“நான் பாடலீங்க” என்றாள் ஷோர்மே, பயத்தோடு. அது உண்மை.

“நானும் பாடல” என்றார் லார்டே. “சொன்னதைச் சொன்னேன். நாப்பது வருஷமா அதான் வேலை.”

“நாங்க பதில்தான் சொன்னோம்” என்றார்கள் பெரியவர்கள்.

தலைவர் லார்டேயைக் குனியச் சொன்னார். பிறகு லார்டேயின் காதில் சொன்னார். லார்டே எங்கள் பக்கம் திரும்பினார். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் எதையும் அழகுபடுத்தவில்லை.

“தலைவர் சொல்றார். என் வாய் வழியா வந்தது எதுவா இருந்தாலும் அது பேச்சு. பேச்சுக்குத் தடையில்ல.”

எழுத்தர் நிம்மதியாக ‘பேச்சு’ என்று எழுதினார். எழுதிவிட்டு மறுபடி நிமிர்ந்தார். “அப்போ இவங்க முற்றத்துல நடக்கறது?”

தலைவருக்கு இது எதிர்பாராத தொல்லை. “லார்டே வழியா வந்தா அதுவும் பேச்சு” என்றார்.

“பெட்டி?” என்று கேட்டான் அஷிட்டே.

“பெட்டி பேசாது. மாசம் முடியட்டும்.”

இப்படியாக, மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு லார்டே கோலோடு வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்தார். ஷோர்மே அவர் காதில் ஒரு வரி சொல்வாள். லார்டே எங்களிடம் சொல்வார். நாங்கள் பதில் சொல்வோம். யாரும் பாடவில்லை. ஷோர்மே ‘வலை இழுப்பு’ என்று ஒரு வார்த்தை சொன்னால், லார்டே வலை பின்னியவரின் வம்சத்திலிருந்து ஆரம்பிப்பார். அதுவரைக்கும் நாங்கள் பிட்டத்தை வானத்தில் நிறுத்தியபடி காத்திருக்க வேண்டும்.

“ஐயா, படகைச் சீக்கிரம் கரை சேத்துடுங்க. இடுப்பு போகுது” என்று தலைகீழாகக் கத்துவாள் அமெர்லே.

“கத்தாதீங்க, தடை இருக்கு” என்பார் லார்டே.

ட்ரோமோவின் தேவாலயத்து ஆட்கள் ஒருவர்கூட நிற்கவில்லை. போதகரிடம், அது பேச்சு என்று ஏட்டிலேயே எழுதியிருக்கிறது என்று அவள் சொல்லிவிட்டாள். போதாததற்கு ஒன்பது புதிய பாய்கள் வந்தன, லார்டேயின் அலங்காரத்தைக் கேட்க. எங்கள் மூச்சு முன்னைவிட நீண்டதாகத்தான் போயிற்று. என் முழங்கால்கூடக் கொஞ்சம் மரியாதை காட்டியது.

பாடம் நிற்காமல் காப்பாற்றிக்கொண்டவள் சந்தோஷப்பட வேண்டியதுதானே. ஒரு நாள் பாய்களை உதறி மடித்துக்கொண்டிருந்தபோது ஷோர்மே என்னிடம் கேட்டாள். “டீச்சர், பாட்டே இல்லாம எல்லாருக்கும் மூச்சு ஒழுங்காத்தானே போகுது?”

“போகுது.”

“அப்போ அத்தனை வருஷமா நான் எதுக்குப் பாடினேன்?”

“உன் குரல் நல்லாருக்கும்ல?”

“அதுக்கு நான் வானொலிக்குப் போயிருக்கணும்.” ஒரு பாயை மடித்தவள், மடித்த பாயையே திரும்பப் பிரித்து மடித்தாள். “அன்னிக்கு என்னன்னு கேட்டாங்க, தெரியலன்னேன். இப்போ அதுல என்னோட பங்கு என்னன்னு யாராவது கேட்டா, அதுவும் தெரியல.”

எதற்கும் ஒரு கதை விட்டுச் சமாளிக்கிறவள் நான். அன்று அவளோடு சேர்ந்து பாய் மடித்தேன்.

இருபத்தைந்து நாள் இப்படி நடந்தது. தடை முடிந்த அன்று மாளிகை மேளத்தைத் தட்டித் தடையை நீக்கினார்கள். ஒரு மாதம் அடக்கிவைத்த சத்தத்தையெல்லாம் ஊர் ஒரே மதியத்தில் போட்டுத் தீர்த்தது. சேவல்கள் மாலை நான்கு மணிக்குக் கூவின. அஷிட்டே ஹார்மோனியத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, துணியைக்கூட அவிழ்க்காமல் திருப்பிக் கொடுத்தான்.

மறுநாள் காலை இருபத்தொன்பது பாய்கள். லார்டேவுக்கு இனி அங்கே வேலையில்லை. ஆனாலும் வந்தார், கோல் இல்லாமல். கடைசி வரிசையில் ஒரு பாயை விரித்து உட்கார்ந்துகொண்டார். ஷோர்மே துருத்தியை அசைத்துப் பார்த்தாள். ஈரத்தில் இரண்டு கட்டைகள் ஒட்டிப்போயிருந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினாள்.

ஓம், அலையே வா.

யாரும் திருப்பிப் பாடவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, எங்களுக்கு மறந்துபோய்விட்டது. இருபத்தொன்பது தலைகள் கடைசி வரிசைக்குத் திரும்பின. லார்டே சொல்ல வேண்டும், அப்புறம்தானே நாங்கள். லார்டே வாயை இறுக மூடிக்கொண்டு வேப்பமரத்து உச்சியைப் பார்த்தார்.

ஷோர்மே துருத்தியிலிருந்து கையை எடுத்தாள்.

“ஐயா” என்றாள். “இருபத்தஞ்சு நாள் நீங்கதான் இதைச் சொன்னீங்க. உங்களுக்கு இழுப்பு நின்னுபோச்சு. இது என்னன்னு உங்களுக்காவது தெரிஞ்சுதா?”

“நான் அடுத்தவங்க சொல்றதைச் சொல்றவன், தாயி” என்றார் லார்டே. “நீ முதல்ல சொல்லு.”

முற்றத்தில் எல்லாரும் காத்திருந்தோம். ட்ரோமோ தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷோர்மே ஹார்மோனியத்தின் மேல் கையை வைத்து, ஒட்டிப்போன இரண்டு கட்டைகளையும் தாண்டித் தாண்டி, அடுத்த வரியைப் பாடினாள்.

கடைசி வரிசையிலிருந்து லார்டே திருப்பிப் பாடினார். பேசவில்லை, பாடினார். மெட்டு முழுக்கத் தப்பு. மது சிந்தும்போது வேண்டுகிற ராகத்துக்குப் போய்விட்டது. பாதிப் பேர் அவர் பின்னால் போனார்கள், பாதிப் பேர் ஷோர்மேயின் பின்னால். சிலர் “யாவ்” என்றார்கள். வண்டியோட்டி அலைக்கு விட வேண்டிய மூச்சா இழுக்க வேண்டிய மூச்சா என்று தெரியாமல் பிடித்தே வைத்துக்கொண்டார். நான் இரண்டு மெட்டையும் மாற்றி மாற்றிப் பாடினேன். அன்றைக்கு அந்த முற்றத்தில் ஒருவர் மூச்சும் ஒழுங்காகப் போகவில்லை.

ஷோர்மே நிறுத்தவில்லை.